இணைப்பு: நாற்பத்திரண்டு பிள்ளைகள்

தபால் இலாகாவை ஒற்றை ஆளாக நின்று மூச்சுவாங்க வைத்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் இணைப்பு ஐயா. மற்றவர்கள் கடிதம் போடுவார்கள். அவர் சாமான் போடுவார். அந்த நாளில் பள்ளத்தூர்ப் பக்கம் தபால்காரராக இருந்தவரைப் போய்க் கேளுங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்ததாகக் கேள்வி. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இளவயதில் பினாங்குக்குக் கப்பலேறி, ஒரு மரக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்துவிட்டு, ஐம்பது வயதில் ஒரு தமிழ் டைப்ரைட்டரோடும் ஒரு கொள்கையோடும் ஊர் திரும்பியவர். வெறும் கடிதத்தை எந்த ஆபீசரும் மதிக்க மாட்டார், கூடவே ஏதாவது இணைத்து அனுப்பினால்தான் காரியம் நடக்கும் என்பதுதான் அந்தக் கொள்கை.

“கடுதாசி பொய் பேசும்னு ஆபீசருக்குத் தெரியும் டீச்சர். அவுகளும் கடுதாசி எழுதுறவுகதானே? இணைப்பு பொய் பேசாது” என்பார்.

குடிதண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று யூனியன் ஆபீசுக்கு மனுப் போட்டார். கடைசி வரியில், ‘இணைப்பு: கிணற்றுத் தண்ணீர், பாட்டில் ஒன்று. குடித்துப் பார்க்கவும்.’ யாரோ ஒரு குமாஸ்தா நிஜமாகவே குடித்துப் பார்த்துவிட்டார் என்றும், அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புதுக் கிணறு வந்தது என்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் குமாஸ்தா என்ன ஆனார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

காரைக்குடி பஸ் எங்கள் ஊர் விலக்கில் நிற்காமல் பறந்த காலம் ஒன்று உண்டு. அதற்கும் மனு. ‘இணைப்பு: பஸ் நில்லாமையால் நடந்து தேய்ந்த செருப்பு, ஜோடி ஒன்று.’ பதினைந்தே நாளில் பஸ்ஸும் நின்றது, செருப்பும் திரும்பி வந்தது. ‘இணைப்பு நன்றியுடன் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று ஒரு சீட்டு வேறு. அதற்குப் பிறகு மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இவரிடம்தான் நான் வந்து மாட்டினேன்.

நான் அப்போது அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் ஒண்ணாப்பு டீச்சர். டிரெயினிங் முடித்த கையோடு நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தவள். வாயாடி என்று சேர்ந்த வாரத்திலேயே பெயர் எடுத்தாகிவிட்டது. வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாலு புத்தகம், ஒரு கரும்பலகை.

எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அட்சரம் பிசகாமல் வாசிப்பார்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அதே வேகத்தில் வாசிப்பார்கள். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாலும் வாசிப்பு நிற்காது. அத்தனையும் மனப்பாடம்! இந்தக் குட்டை உடைப்பதற்கென்றே பிறந்தவர் எங்கள் இன்ஸ்பெக்டர். வருஷக் கடைசியில் வந்து, பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்பார். வகுப்பு மொத்தமும் ஓட்டுக்கூரையைப் பார்க்கும்.

அந்த விரலுக்கு இரண்டு வருஷம் பலியானவள் பஞ்சவர்ணம். எட்டு வயசு, வகுப்பிலேயே உயரமான பிள்ளை, ஒண்ணாப்பில் மூன்றாவது வருஷம். பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவளுடைய அப்பா பொன்னையா வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

“டீச்சர், ஒங்களைக் குத்தஞ் சொல்லலை. இந்த வருசமும் இவளை ஒண்ணாப்புலயே ஒக்கார வச்சீகன்னா, அடுத்த வருசம் இங்குட்டு வரமாட்டா. ஆடு மேய்க்க ஆளில்லாம கெடக்கு.”

“அண்ணே, அவ கெட்டிக்காரி அண்ணே!”

“கெட்டிக்காரிதான். ஆட்டை நல்லாப் பாத்துக்கிருவா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் அவ்வளவு தன்மையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தது.

இந்தச் செய்தி இணைப்பு ஐயா காதுக்குப் போயிற்று. ஒரு வாரம் கழித்து வாசகசாலைப் பத்திரிகையைக் கையோடு தூக்கிக்கொண்டு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்தார். சென்னையில் ஏதோ ஒரு தர்ம டிரஸ்ட்டாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் நவீனக் கருவி வாங்க உதவி செய்வார்களாம். பள்ளிக்கூடங்கள் திட்டம் எழுதி விண்ணப்பிக்கலாமாம். கருவியின் படமும் போட்டிருந்தது. பெட்டிக்குள் ஒரு பல்பு, பல்புக்கு முன்னால் படச்சுருள். பிடியைத் திருகினால் சுவரில் ஒரு அணில் வரும், பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ‘அணில்’ என்று எழுத்தும் வரும்.

“டீச்சர், சொவத்துல ஆள் ஒசரத்துக்கு வந்து நின்னா எந்த எழுத்துதான் தெரியாமப் போகும்? இந்தக் கருவிய நான் கொண்டாரேன். பஞ்சவர்ணம் ரெண்டாப்பு போறா. நீங்க சோத்தை ஒழுங்காச் சாப்பிடுங்க” என்றார்.

ஹெட்மாஸ்டர் உடனே சம்மதித்துவிட்டார். சம்மதிக்காவிட்டால் அவரைப் பற்றியே ஒரு மனு போகும், அதில் என்ன இணைப்பு இருக்குமோ என்று அவருக்குப் பயம்.

அன்றைக்குப் பிடித்தது சனி. வெள்ளைத் தாளில் அடித்தல் திருத்தல் விழக்கூடாது என்பது பினாங்கு ஆபீஸ் ஒழுக்கமாம். ஆகவே விண்ணப்பத்தை முதலில் என் கரும்பலகையில் எழுதினார். என் பாடவேளையில்! ‘கனம் பொருந்திய ஐயா, கண்ணிருந்தும் எழுத்தறியாது தவிக்கும் நாற்பத்திரண்டு இளம் குருத்துகளின் சார்பில் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது’ என்று தொடங்கி, பலகை நிறையும் வரை எழுதுவார். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். வீட்டுக்குப் போய் டைப் அடித்து மத்தியானம் கொண்டுவருவார். மறுநாள், “குருத்து வேணாம் டீச்சர். வாழைத்தோட்டத்துக்கு உரம் கேக்குற மாதிரி இருக்கு” என்று அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதுவார். ஜூலையில் ஆரம்பித்த விண்ணப்பம் தீபாவளி வரைக்கும் தினம் ஒரு மாதிரி வந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டாரா? டைப் அடித்த தாளை ஒப்புநோக்க வேண்டும் என்றார். ஒருவர் தாளை உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, பிசகிய இடத்தில் நிறுத்த வேண்டும். பினாங்கில் இந்த வேலைக்குத் தனியாக ஒரு குமாஸ்தா இருந்தாராம்.

“இங்க குமாஸ்தாவுக்கு எங்க போறது? இதுகதான் நாப்பத்திரெண்டு பேரு சும்மா ஒக்காந்திருக்காகளே” என்றார்.

சும்மாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது கிடையாது, நூல்தான். அது வழுகும்போதெல்லாம் அவர் ஒரு சொல்லை விழுங்குவார், அல்லது ஒரு வரியையே தாண்டுவார். பிள்ளைகள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்து அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு கமர்கட். முதல் மாதம் ஒரு கமர்கட்டும் செலவாகவில்லை. ஆவணி பிறந்ததும் ஒரு நாள் பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள்.

“ஐயா, ‘தாழ்மையுடன்’ விட்டுட்டீக.”

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் தாளைப் பார்த்தார். தாளில் அந்தச் சொல்லே இல்லை. டைப் அடிக்கும்போதே விட்டிருக்கிறார்.

“அட, தாழ்மை இல்லாமப் போகப் பாத்துச்சே! நல்லவேளை ஆத்தா!” என்று இரண்டு கமர்கட்டாகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரே அமளி. “ஐயா, கமா!” “ஐயா, ‘மேற்படி’ ரெண்டு தடவை வருது!” என்று மூலைக்கு மூலை கத்தல். ஒரு பொடியன் என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, “கனம் பொருந்திய டீச்சர், ஒண்ணுக்குப் போகத் தயவுகூர்ந்து அனுமதி வேண்டும்” என்றான். பாடவேளையெல்லாம் பாழாய்ப் போகிறதே, பிள்ளைகள் இப்படிக் கெட்டுப்போகிறார்களே என்று நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன். கண்ணெதிரே என்ன நடக்கிறது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. உண்மையைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஒரு வழியாக விண்ணப்பம் போயிற்று. பதிலுக்குக் கேள்விகள் வந்தன. ‘பள்ளியில் மின்வசதி உண்டா?’ என்று கேட்டிருந்தார்கள். ‘உண்டு. இணைப்பு: பல்பு ஒன்று’ என்று எழுதி, ஹெட்மாஸ்டர் அறையில் எரிந்துகொண்டிருந்த ஒரே பல்பைக் கழற்றி, வைக்கோல் சுற்றிப் பார்சலில் போட்டுவிட்டார். மழைநாளில் ஹெட்மாஸ்டர் வாசலுக்கு வந்து நின்றுதான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்.

‘கருவியோடு தேவைப்படும் பொருள்களின் பட்டியல் தருக’ என்று அடுத்த கடிதம். எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை வளவு முற்றம் நிறையப் பரப்பி வைப்பார்கள். கரண்டிக்குக்கூடக் கணக்கு உண்டு. இணைப்பு ஐயாவுக்குப் பட்டியல் என்றால் அது ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொடுத்த வீட்டு ஆச்சியிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். கருவி ஒன்று. கருவி உட்கார மேசை ஒன்று. கருவிக்குப் போர்த்த உறை இரண்டு, உடுத்த ஒன்று மாற்ற ஒன்று. துடைக்க மெத்தென்ற துணி நாலு. திருஷ்டிக்குப் பூசணிக்காய் ஒன்று.

“பூசணிக்காயையுமா ஐயா சென்னையில கேப்பாக?” என்றேன்.

“அது நம்ம செலவுன்னு ஓரத்துல குறிச்சிருக்கேன், பாருங்க” என்றார்.

மூன்றாவது கடிதம்தான் வினை. ‘பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்டிருந்தார்கள். இணைப்பு ஐயாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் தங்கள் கைப்பட ‘எனக்கு வாசிக்கத் தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கார்பன் வைத்து மூன்று பிரதி என்றார்.

“ஐயா, ஒங்களுக்கு என்ன கோட்டியா? இதை எழுதுற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதான்னு அவுக கேக்க மாட்டாகளா?”

“எழுதுறது கை, வாசிக்கிறது வாய். ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்டு டீச்சர். ஆபீஸ்ல இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.”

நாற்பத்திரண்டு பேரும் நாக்கைத் துருத்திக்கொண்டு, கார்பன் மை கன்னமெல்லாம் அப்ப, எழுதிக் கொடுத்தார்கள். பஞ்சவர்ணத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவ்வளவையும் கட்டி அனுப்பினார்.

மாசி மாதம் தந்தி வந்தது. டிரஸ்ட் அதிகாரி நேரில் வருகிறார்! பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஹெட்மாஸ்டர் புதுப் பல்பு வாங்கினார். இணைப்பு ஐயா முதல்நாள் என் வகுப்பில் நின்று, “நாளைக்கு ஒருத்தரும் வாசிக்கப்புடாது. எது கேட்டாலும் முழிக்கணும். எங்க, முழிங்க பாப்போம்!” என்று ஒத்திகை பார்த்தார். நாற்பத்திரண்டு பேரும் நன்றாக முழித்தார்கள். அப்போதுகூட எனக்கு, இதுகளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, பிறகு எதற்கு ஒத்திகை என்றுதான் தோன்றியது.

அதிகாரி காரில் வந்து இறங்கினார். தங்க பிரேம் கண்ணாடி, குளிர்ந்த முகம். கார் பார்க்க ஊரே கூடிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொன்னையாவும் நின்றார். அதிகாரியை நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய வீட்டு ஆச்சி கொடுத்துவிட்ட கந்தரப்பத் தட்டைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்து அவர் தோளருகே நிறுத்தினேன். உயரமான பிள்ளை, கை நடுங்காது என்றுதான் அவளை நிறுத்தினேன்.

அவர் ஒரு கந்தரப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, டிரஸ்ட் தனக்குக் கொடுத்திருந்த உத்தரவைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். எல்லாருக்கும் தெரியட்டும் என்று உரக்கவே வாசித்தார்.

“மேற்படி பள்ளிக்கு நேரில் சென்று, குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்து, கருவி தேவைதானா என்று அறிக்கை தரவும்.”

“ஐயா, நடுவுல ஒரு வரி விட்டுட்டீக” என்றாள் பஞ்சவர்ணம்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். “என்னம்மா?”

அவள் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலைத் தாளில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். “பள்ளியார்... தரும்... பலகாரம்... எதையும்... ஏற்றுக்கொள்ளக்... கூடாது.”

வாசித்துவிட்டு, பழக்க தோஷத்தில், கமர்கட்டுக்குக் கையை நீட்டினாள்.

அதிகாரியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வாசித்தது பாடப்புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. சென்னையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த தாள்! என் பஞ்சவர்ணம் வாசிக்கிறாள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

இணைப்பு ஐயா பதறிப்போய் ஓடிவந்தார். “ஐயா, இந்தப் பிள்ளை ஒண்ணுதான் இப்பிடி! மத்ததுக எல்லாம் சத்தியமாத் தெரியாததுக! வேற பிள்ளையக் கேட்டுப் பாருங்க!”

அதிகாரி கேட்டார். முழிக்க வேண்டிய பிள்ளைகள், தாளைக் கண்டதும் ஒத்திகையை மறந்து, போட்டி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். திக்கியவனுக்குப் பக்கத்திலிருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். கருவி ஒவ்வொரு பிள்ளையின் வாயாலும் ஒவ்வொரு மைல் தூரம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் பைலைத் திறந்து, பிள்ளைகள் கைப்பட எழுதிய சீட்டு ஒன்றை உருவி, அந்த ஒண்ணுக்குப் பொடியனிடம் நீட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?”

அவன் கணீரென்று வாசித்தான். “எனக்கு வாசிக்கத் தெரியாது!”

“பாத்தீகளா! அவனே சொல்றான் பாருங்க!” என்று துள்ளினார் இணைப்பு ஐயா.

அவ்வளவுதான். அந்தக் குளிர்ந்த முகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் இன்னொரு கந்தரப்பத்தை எடுத்துக்கொண்டார். “அறிக்கையில இதையும் எழுதிடறேன்” என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்.

கார் போன பிறகு பொன்னையா உள்ளே வந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மெட்ராஸ்காரவுக கடுதாசியவா டீச்சர் வாசிச்சா?”

“ஆமாண்ணே.”

“அவுக விட்டதைக் கண்டுபிடிச்சுச் சொன்னாளே?”

“ஆமாண்ணே.”

தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். பிறகு, “ஆட்டை நாலு மாசத்துல வித்துப்புடலாம் டீச்சர்” என்றார்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்து விரலை வைத்தார். எந்தப் பிள்ளையும் கூரையைப் பார்க்கவில்லை. டிரஸ்ட்டின் பதிலும் வந்தது: ‘இப்பள்ளியில் குழந்தைகள் மிக நன்றாக வாசிப்பதால் வாசிப்புக் கருவி தேவைப்படவில்லை என வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இணைப்பு: பல்பு ஒன்று.’

மனிதர் உடைந்து போயிருப்பாரே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நாலு நாளாக ஆளையே காணோம். ஐந்தாம் நாள் மழுங்கச் சிரைத்த மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, குன்றக்குடியிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“என்னய்யா இது கோலம்?”

“பஞ்சவர்ணம் பாஸ் பண்ணிட்டா முடி எறக்குறேன்னு முருகன்ட்ட வேண்டியிருந்தேன் டீச்சர்.”

“கருவி வரணும்னு வேண்டிக்கலையா?”

“அதுக்குத்தான் டிரஸ்ட்டுக்கு எழுதியாச்சுல்ல. ஒரே வேலைக்கு ரெண்டு ஆபீசுல மனுப் போடப்புடாது” என்றார். பிறகு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “கேட்டது கெடைக்கலைன்னு பல தடவை பதில் வந்துருக்கு டீச்சர். இனிமே ஒங்களுக்கு அது வேணாம்னு பதில் வந்தது இதான் மொதத் தடவை” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அத்தனை மாதம் அந்த மனிதரை நான் மனசுக்குள் திட்டிய திட்டுக்கெல்லாம் அங்கேயே காலில் விழலாம் போலிருந்தது.

ஜூன் மாதம் ஒண்ணாப்பில் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தேன், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அண்ணன் அக்காமாரிடம் கேட்டு மனப்பாடமான பாடத்தைக் கோரஸாக ஆரம்பித்தார்கள். நான் பேசாமல் எழுந்து இணைப்பு ஐயா வீட்டுக்கு நடந்தேன்.

“ஐயா, பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கேட்டு எழுதணும். வாரீகளா?”

எதைக் கேட்டு எழுத வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் அதை யோசித்துக்கொண்டு போகவில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அந்த ஊரில் வேலை பார்த்த வருஷமெல்லாம் ஒவ்வொரு ஜூன் மாதமும் இப்படிப் போய் அவரை அழைத்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டே, “பெருசாக் கேப்போம் டீச்சர், எழுத நெறைய இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டு வருவார். அந்த ஐந்து நிமிஷ நடை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.